பிள்ளைக் காம்பராவில் கேட்டவை

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கைக்குழந்தைகளோடு பேசுங்கள், பேசுங்கள் என்கிறார்கள். ஒன்றும் விளங்காததுகளிடம் என்னத்தைப் பேசுவது? (எல்கடுவ)

தேர்தல் மேடைக்கு வருகிறவர்கள் இப்படி யோசிப்பதில்லை! நீங்கள் செய்துகொண்டிருப்பதையே சொல்லுங்கள். "துணி மாத்துவமா? இந்தக் காலத் தூக்கு. மத்தக் கால் எங்க?" சொல்லிவிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மூன்று மாதப் பிள்ளை "ஊ" என்று ஏதாவது சொல்லும். அது பதில். அடுத்தது உங்கள் முறை. பேச்சு தொடங்குவது இந்த மாறி மாறி வரும் முறையில்தான். சொல்லெல்லாம் பிறகு வரும்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயிடம், சற்று நேரம் முகத்தில் அசைவே காட்டாமல் இருக்கச் சொன்னார். பிள்ளை முதலில் சிரித்துக் காட்டியது, கையை நீட்டியது, சத்தம் போட்டது. ஒன்றும் பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. இத்தனையும் ஓரிரு நிமிடங்களுக்குள். பசி இல்லை, வலி இல்லை. பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

சொல்வது சுலபம். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொஞ்ச நேரம் எங்கே? (அதே காம்பராவின் மற்ற ஆயா)

நேரம் துணி மாற்றுவதிலும் சோறூட்டுவதிலும் இருக்கிறது. எப்படியும் செய்யப்போகிற வேலைதானே? எம்மி பிக்லர் என்ற மருத்துவர் 1946இல் புடாபெஸ்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். யுத்தம் முடிந்த காலம். பெற்றோரின்றி வந்த பிள்ளைகள். அங்கே ஒரு பிள்ளையைத் தூக்குமுன் "தூக்கப்போகிறேன்" என்று அதனிடம் சொல்லவேண்டும். குளிப்பாட்டும்போது அந்த ஒரு பிள்ளைக்குத்தான் முழுக் கவனமும். மற்ற நேரத்தில் பிள்ளைகள் தங்கள் பாட்டில் உருண்டு புரண்டு விளையாடும். ஆளுக்குப் பத்து நிமிடம் முழுதாகக் கிடைத்தால், மிச்ச நேரம் பிள்ளை உங்களை மன்னித்துவிடும். ஆள் போதாது என்று மேலிடத்தில் சொல்லிக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் குறையை நிரப்ப உங்கள் கொஞ்சலால் முடியாது.

எட்டு மாத மகள் நேற்றுவரை சிரித்துக்கொண்டு போனாள். இப்போது காம்பரா வாசலைக் கண்டதும் கத்துகிறாள். ஆயா அடிக்கிறாரோ? (இரத்தோட்டை)

அநேகமாக இல்லை. அம்மா என்பது தனி ஆள், அந்த ஆள் காணாமலும் போகலாம் என்று மகள் கண்டுபிடித்துவிட்டாள். எட்டு மாதமளவில் அநேகப் பிள்ளைகள் செய்யும் கண்டுபிடிப்பு. ஒன்றரை வயதுவரையும் இந்த அழுகை நீளலாம். பின்வாசலால் நழுவாதீர்கள். "போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டே போங்கள். தினமும் ஒரே ஆயா கைநீட்டி வாங்கினால் சீக்கிரம் அடங்கும். உடம்பில் அடையாளம் இருந்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் நடுங்கினால், அது வேறு கதை; உடனே கேளுங்கள்.

சந்தேகம் தீரப் பகலில் போய்ப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை நம் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. காம்பரா உள்ள இடத்தில் தலா அரைமணி, இல்லாத இடத்தில் தலா ஒரு மணி.

அந்த அரைமணி போய்வந்தால் கொழுந்துக் கிலோ குறையுதே, ஐயா? (பெயர் வேண்டாம் என்ற தாய்)

அதுதான் சிக்கல். சட்டம் நேரத்தைக் கொடுத்தது. தராசுக்கு யாரும் அறிவிக்கவில்லை. 2018இல் சட்டத்தைத் திருத்தி, மூன்றாம் பிள்ளைக்கும் அதன் பிறகு பிறப்பவற்றுக்கும்கூட 84 நாள் விடுமுறை என்றார்கள். நல்லது. விடுமுறை முடிந்து மலைக்குத் திரும்பும் தாயின் நாள் கிலோவில் அந்த இரண்டு இடைவேளையைக் கழித்துக் கணக்குப் பார்ப்பதற்கும் யாராவது பேனா எடுக்கலாம். தொழிற்சங்கத் தலைவர்கள் பையில் பேனா இல்லாமலா இருக்கும்?

வசம்பு கட்டினால் பேச்சு வருமா? (யட்டவத்தை)

கட்டுகிற பாட்டி பேசிக்கொண்டே கட்டினால் வரும். நாக்கில் உரசித் தடவ மட்டும் வேண்டாம். தேனும் ஒரு வயதுக்கு முன் கூடாது.

போனைக் கொடுத்தால் பேரன் சத்தமில்லாமல் இருக்கிறான். ஏ பி சி பாட்டும் கேட்கிறான். நல்லதுதானே? (உக்குவளை)

உங்களுக்கு நல்லது. 2003இல் பட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு, ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தது. நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிள்ளைகள் பிரித்தறியக் கற்றன. அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. போன் நன்றாகப் பேசும், பேரன் பேசினால் அதற்குக் காது கேட்காது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல்.

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம். மகன் குழம்பிப் போவானா? (மாத்தளை நகரம்)

மாட்டான். இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணுங்கள். கணக்குச் சரியாக வரும். குழம்புவது பெரியவர்கள்தான்.

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் இல்லை. "அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். (பலாபத்வல)

அப்பன் லேட்டாகப் பேசியது உண்மையாகவே இருக்கட்டும், காதைப் பார்த்துவிடுங்கள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறதா? கேட்டதைக் கைகாட்டுகிறதா? வளர்ச்சிப் பதிவேட்டுப் புத்தகத்தோடு மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டி, எம்ஓஎச் கிளினிக்குக்கும் செவிப் பரிசோதனைக்கும் கடிதம் கேளுங்கள். வந்த சொல் எந்த வயதிலாவது நின்றுபோனால் ஒரு வாரம்கூடப் பொறுக்கவேண்டாம். மாமியாரிடம் சும்மா ஊசி போடப் போவதாகச் சொல்லலாம்.

எனக்குத் தாலாட்டுப் பாட வராது. ரேடியோவைப் போட்டுவிடலாமா? (அம்பன்கங்கைப் பக்கத்து ஆயா)

ரேடியோவுக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாதே. ஏணையை ஆட்டியபடி அதன் பெயரை நாலுதரம் இழுத்தாலே தாலாட்டுத்தான். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களெல்லாம் சங்கீதம் படித்தவர்கள் பாடியதா என்ன? தைரியமாகப் பாடுங்கள். ராகம் தப்பினால் தொரைக்குப் பெட்டிசம் எழுதும் வயதில் அங்கே யாரும் இல்லை.