ஹல்ஸ்டொர்ப் பேரவையாருக்குக் கல்முனையிலிருந்து ஒரு பாராட்டு மடல்

கனம் சட்டக் கல்விப் பேரவையாருக்கு,

விடயம்: வர்த்தமானி மூலம் கற்பித்தல் தொடர்பான மனமார்ந்த பாராட்டு

கல்வியாளர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கலை ஒரே தாளில் தீர்த்துவைத்த பெருமை பேரவையாரையே சாரும். 1870இல் ஹார்வார்ட் சட்டப் பள்ளிக்குத் தலைவராக வந்த லாங்டெல், பாடத்தை ஒப்பிக்கும் வழக்கத்தை ஒழிக்க நினைத்தார். அதற்காகத் தீர்ப்புகளைத் தொகுத்துப் புத்தகமாக்கி, வகுப்பில் கேள்விமேல் கேள்வி கேட்டு மாணவரை வியர்க்க வைத்தார். 1980களின் இறுதியில் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியைக் கட்டியெழுப்பிய மாதவ மேனன், மாணவரைச் சட்ட உதவிப் பணிக்கு இறக்கிப் பழக்கினார். பாவம், இருவருக்கும் வர்த்தமானியின் வல்லமை தெரியவில்லை.

பேரவையாருக்குத் தெரிந்திருந்தது. இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் இனி ஆங்கிலத்தில்தான் என்று 2020 டிசம்பர் இறுதியில் வர்த்தமானி வந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று விரும்பிய மொழியில் எழுதிய காலம் அதோடு முடிந்ததாம். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் முதலாம் வகுப்பு முதல் உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் கொழும்பில் இறங்கும்போது ஆங்கிலச் சட்ட அறிஞராக இறங்கும் என்பது கணக்கு.

2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஒழுங்குவிதியை வாக்கெடுப்பில் தோற்கடித்தது.

ஆங்கிலம் வேண்டாமென்று எங்கள் கல்முனைக் கரையில் யாரும் சொல்லவில்லை. புதிய சட்ட அறிக்கைகளும் இலங்கைச் சட்ட அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. அவற்றை வாசிக்காமல் எந்தச் சட்டத்தரணியும் உருப்படப் போவதில்லை. ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்கிறது. ஆக, கல்முனைக் கோட்டில் காணி வழக்குப் பேசப்போகிறவர் தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் வாதாட வேண்டியவர். இந்த இரட்டை வேலைக்கு அவரைப் பழக்கும் இருமொழித் தீர்ப்புத் தொகுப்பு எங்கே? சட்ட ஆங்கிலத்தைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடநெறி எங்கே? வழக்காடத் தெரிந்த விரிவுரையாளருக்கு வகுப்பெடுக்கவும் பழக்கும் பயிற்சி எங்கே?

இவற்றுக்கெல்லாம் பதிலாக மாணவரிடம் இருப்பது குப்பி. பரீட்சை நெருங்கியதும் மூத்த மாணவர் ஒருவர் இளையவர்களை உட்காரவைத்து, விரிவுரையில் புரியாததைப் பேச்சுத் தமிழில் அவிழ்த்துச் சொல்வார். ஊதியம் இல்லை, கட்டடம் இல்லை, வர்த்தமானியும் இல்லை. ஆனாலும் விளங்கிவிடும்.

பாடப் பொருளுக்கும் வருவோம். ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1928இல் ஓர் இஞ்சி பியர் போத்தலுக்குள் கிடந்ததாகச் சொல்லப்பட்ட நத்தை பற்றிய வழக்கை எந்தச் சட்ட மாணவரும் நித்திரையிலும் மறக்கமாட்டார். நத்தையோடு யாருக்கும் பகையில்லை. எனினும் 2004 டிசம்பர் 26இல் மருதமுனை முதல் இந்தக் கரை நெடுக வீடும் ஆளும் காணி உறுதியும் கடலோடு போயின. அநாதையான பிள்ளைகளின் பாதுகாப்பு முதல் சொத்துரிமை வரை ஒழுங்குசெய்ய 2005இன் 16ஆம் இலக்கச் சுனாமிச் சட்டம் வந்தது. கடலோரத்துப் பிள்ளைக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் பெய்ஸ்லியில் அகப்படுமா?

காதி நீதிமன்றம் இன்னும் நல்ல வகுப்பறை. 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியாருக்கு முன் சட்டத்தரணி தோன்ற முடியாது. பிள்ளைச் செலவும் கைக்கூலியும் கேட்டு வரும் பெண், தன் வழக்கைத் தானே பேச வேண்டும். அவளுடைய விண்ணப்பத்தை எழுத, கணக்கைத் தயார்செய்ய, மேன்முறையீட்டுக் காலத்தை விளக்கிச் சொல்ல இறுதியாண்டு மாணவர் இருவர், மேற்பார்வைக்கு ஒரு விரிவுரையாளர் போதும். மேனன் பெங்களூரில் வலியுறுத்தியதும் இந்த வகைப் படிப்பைத்தான்.

சட்டக் கல்வியின் இந்தக் குறையில் எங்கள் பகுதிக்கும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது. சம்மாந்துறையில் பிறந்து, சட்டக் கல்லூரியில் படித்து, சட்டத்தரணியாகத் தொழில் பார்த்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பிரயோக விஞ்ஞானம், பொறியியல், தொழில்நுட்பம் என்று அதற்கு ஆறு பீடங்கள். ஒரு சட்டத்தரணி எழுப்பிய பல்கலைக்கழகத்தில் சட்ட பீடம் மட்டும் இல்லை.

ஆகவே, 1874இல் தொடங்கிய கல்லூரியின் பொறுப்பாளர்களான பேரவையாரிடம் மூன்று வேண்டுகோள்: இருமொழித் தீர்ப்புத் தொகுப்பு ஒன்று, விரிவுரையாளருக்குக் கற்பித்தல் பயிற்சி, கிழக்கில் மாணவர் நடத்தும் சட்ட உதவி நிலையம் ஒன்று. பரீட்சை மொழியை மாற்றும் அடுத்த வர்த்தமானியை அச்சுக்கு அனுப்ப முன் இவை மூன்றும் நடைமுறைக்கு வரட்டும்.

இங்ஙனம்,
கல்முனைக் கரையோரத்துப் பெற்றோரும் மாணவரும்

பிரதி: உபவேந்தர், தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் (தேவையான நடவடிக்கைக்காக)