சுமைகூலி முக்கால் பணம்

சிக்கனம் என்ற தெய்வத்துக்கு அமெரிக்கா 2005-இல் ஒரு பெரிய வேள்வி தொடங்கியது. ராணுவத் தளங்களைச் சீரமைத்து மூடுவதற்கான ஆணையம் என்று அதற்குப் பெயர். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். எந்த முகாமை இழுத்து மூடலாம், எந்தப் பள்ளியைப் பிடுங்கி எங்கே நடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மேரிலாந்து மாநிலத்து அபர்டீனில் இருந்த படைக்கலப் பள்ளி வர்ஜீனியாவின் ஃபோர்ட் லீக்குப் போக வேண்டும். கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் இருந்த கவசப்படைப் பள்ளி ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்குக்குப் போக வேண்டும். 2011 செப்டம்பர் 15-க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பள்ளி போனால் பள்ளியின் சொத்தும் போகத்தானே வேண்டும்? இரண்டு பள்ளிகளையும் ஒட்டியிருந்த அருங்காட்சியகங்களின் டாங்கிகளும் பீரங்கிகளும் மூட்டை கட்டின.

வேள்விக்கு 2,100 கோடி டாலர் ஆகும் என்றார்கள். முடித்தபோது 3,510 கோடி ஆகியிருந்தது. இருபது ஆண்டுகளில் 3,560 கோடி மிச்சப்படும் என்றார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2012-இல் கூட்டிக் கழித்துப் பார்த்து, மிச்சம் 990 கோடிதான் என்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இது எல்லாத் தளங்களுக்குமான கணக்கு. டாங்கிகளை ஏற்றி இறக்கிய செலவு இதில் ஒரு தூசு. ஆனால் அந்தத் தூசின் தலைக்கு மேல் ஒரு கூரை போட வேண்டும் என்று வந்தபோதுதான், உலகின் ஆகப்பெரிய ராணுவ பட்ஜெட்டுக்குத் திடீரென்று சிக்கனம் நினைவுக்கு வந்தது.

அபர்டீனில் என்ன இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். முதல் உலகப் போரில் எதிரியிடம் பிடித்த ஆயுதங்களை ஆராய்வதற்காக 1919-இல் தொடங்கிய சேகரிப்பு அது. பிற்பாடு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். கட்டணம் கிடையாது. சாலையோரம் டாங்கிகள் வரிசைகட்டி நின்றன. அந்த வரிசைக்கே 'டாங்கி மைல்' என்று பெயர். ஹிட்லரின் வி-2 ராக்கெட் இருந்தது. 1953-இல் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டைச் சுட்டதே ஒரு 280 மில்லிமீட்டர் பீரங்கி, அந்த ரகத்தில் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 'ஆன்ஸியோ ஆனி' இருந்தாள். 1944-இல் இத்தாலியின் ஆன்ஸியோ கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளை, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து மாதக்கணக்கில் அடித்த ஜெர்மன் ரயில் பீரங்கி. எடை 218 டன். சுட்டவர்கள் அதற்கு லியோபோல்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அடி வாங்கியவர்கள்தான் ஆனி என்றார்கள். அந்த அடியில் பிழைத்த கிழவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து, இதுதான் அது என்று காட்டிவிட்டுப் போக ஓர் இடம் இருந்தது. 2010-இல் அதைப் பூட்டினார்கள். ஆனி வர்ஜீனியாவுக்குப் போய்விட்டாள்.

போன இடத்தில் அவளைப் பார்க்க முடியுமா? முடியும், நீங்கள் படைக்கலப் பயிற்சிக்கு வந்த சிப்பாயாக இருந்தால். மற்றவர்கள் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும், அல்லது எப்போதாவது கதவு திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். பென்னிங்கிலும் இதே கதை. சிப்பாய்க்குப் பாடம், மக்களுக்கு ஆண்டில் சில நாள் தரிசனம். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பது போல என்று எழுத வந்தது. ஆனால் அங்கே மற்ற நாட்களில் கோயிலாவது திறந்திருக்கும்.

இந்த வித்தையை மெச்சத்தான் வேண்டும். அருங்காட்சியகம் என்று பெயர் இருந்தால் மக்கள் வருவார்கள்; மக்கள் வந்தால் கழிவறை வேண்டும், வாகன நிறுத்தம் வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பெயரைப் பயிற்சிச் சாதனம் என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டாங்கி அதேதான். பார்வையாளரை மட்டும் ஒரு கையெழுத்தில் ஒழித்துவிட்டார்கள். ஃபோர்ட் நாக்ஸ் சேகரிப்பில் ஜெர்மனியின் ராஜ டைகர் டாங்கி ஒன்று உண்டு. உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம் என்பதற்காக அதன் விலாவை வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். அந்த டாங்கி இன்று பென்னிங்கில், விலா திறந்தபடி, பூட்டிய கதவுக்குப் பின்னால்.

பழுது பார்க்கும் தொழிலாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பென்னிங்கில் இப்போது டாங்கிகள் கட்டடத்துக்குள் வந்துவிட்டன. துருவைச் சுரண்டி, பழைய வண்ணத்தைத் தேடிப் பூசி, தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பொறுமையோடு வேலை செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஜார்ஜியாவின் வெயிலிலும் மழையிலும் வேலிக்குள் நின்றன. கட்டடத்துக்கு நன்கொடை தேடிக்கொண்டிருந்தார்கள். பிடித்துவரும்போது அரசாங்கத்தின் உடைமை, கூரை வேண்டுமென்றால் தர்மவான்களின் கடமை.

அவர்கள் விட்டுப்போன ஃபோர்ட் நாக்ஸில் என்ன மிஞ்சியது? அங்கே இருந்தது ஜெனரல் பாட்டனின் பெயர் தாங்கிய அருங்காட்சியகம். டாங்கிப் போரென்றாலே அமெரிக்கர் வாயில் முதலில் வரும் பெயர் அவருடையது. அவருடைய தந்தப் பிடி போட்ட துப்பாக்கியும், விபத்தில் சிக்கிச் சாகக் காரணமான காடிலாக் காரும் அங்கேயே இருந்தன. டாங்கிகளைத் தூக்கிப்போன பிறகு அந்த இடத்துக்கு 'பாட்டன் தலைமைத்துவ அருங்காட்சியகம்' என்று பெயர் சூட்டினார்கள். டாங்கியில்லாத பாட்டன்! இனி அங்கே தலைமைப் பண்புகளைப் பற்றி அறிந்துகொள்ளலாம். அதே ஃபோர்ட் நாக்ஸில்தான் அமெரிக்காவின் தங்கக் கிடங்கும் இருக்கிறது. 14 கோடி அவுன்ஸுக்கு மேல் தங்கம், குண்டு துளைக்காத சுவர், ஆயுதம் தாங்கிய காவல். தங்கத்தை இடம் மாற்றினால் இவ்வளவு மிச்சமாகும் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரும்பை இவர்கள் மதிக்கும் அழகு இன்று நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போரில் ஜெர்மனி செய்த ஏ7வி டாங்கிகள் மொத்தமே இருபது. அவற்றில் 'நிக்ஸே' என்ற ஒன்று அபர்டீனில் இருந்தது. 1942-இல் பழைய இரும்பென்று உடைத்துவிட்டார்கள். உலகில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, ஆஸ்திரேலியாவில். டி28 கதை இன்னும் விசேஷம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கா செய்து பார்த்த ராட்சத டாங்கி, ஏறக்குறைய 86 டன், செய்ததே இரண்டு. ஒன்று எஞ்சின் தீப்பிடித்துக் கெட்டது. இன்னொன்று காணாமல் போனது. சாவி தொலையும், கோப்பு தொலையும். 86 டன் டாங்கியைத் தொலைக்க ஒரு மேதைமை வேண்டும். 1974-இல் வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் ஒரு பின்புறத்து வயலில் கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஃபோர்ட் நாக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஆணையத்தின் புண்ணியத்தில் பென்னிங் போனது. அங்கே பழுதுபார்க்கும் கொட்டிலுக்கு இழுத்துப்போகும்போது, போய்ச்சேர இன்னும் கொஞ்ச தூரமே இருக்கையில், பிணைப்பு விட்டு டிரெய்லரிலிருந்து நழுவியது. அது மறுபடி காணாமல் போக முயன்றது என்றே நான் நம்புகிறேன். டி28-ஐ மறந்துவிட்டிருந்த அதே பெல்வாரில்தான், 2020 நவம்பர் 11 அன்று, ராணுவத்தின் தேசிய அருங்காட்சியகம் பளபளப்பாகத் திறக்கப்பட்டது.

இந்த வரிசையில் ஒளவையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதியமானின் தூதராகப் போனவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு மின்னிய ஆயுதங்கள். எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்திவிட்டு வந்தார் அவர், புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானைப் பார்த்து ஈராயிரம் ஆண்டாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். பாவம், அவன் நெய்யாவது பூசினான். கதவையாவது திறந்தான்.

இடம் மாறிய டாங்கிகள் இனியாவது ஓர் ஊரில் நிற்கும் என்று பார்த்தால், ஊரே நிற்கவில்லை. லீயும் பென்னிங்கும் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் பெயர்கள். 2023-இல் லீ, கிரெக்-ஆடம்ஸ் ஆனது: இரண்டு கறுப்பின அதிகாரிகளின் பெயர். பென்னிங், மூர் ஆனது. நல்ல காரியம், காலம் கடந்து நடந்தது. 2025-இல் புதிய ஆட்சி பழைய பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய தளபதிகளின் பெயரை வைக்கச் சட்டம் தடுக்கிறதே என்றால், அதற்கும் வழி கண்டார்கள். லீ என்ற குடும்பப்பெயர் கொண்ட இன்னொரு சிப்பாயையும், பென்னிங் என்ற இன்னொரு சிப்பாயையும் பழைய ஏடுகளில் தேடிப் பிடித்தார்கள். ஃபிட்ஸ் லீ ஸ்பெயினோடு நடந்த போரில் உயர்ந்த வீரப்பதக்கம் வாங்கிய கறுப்பினச் சிப்பாய். அவருக்கென்று ஒரு தளம் வைத்திருந்தால் தலை வணங்கலாம். அவரை ராபர்ட் லீயின் பெயர்ப்பலகைக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள். ஆடம்ஸ் என்ற பெண்மணியின் பெயரைக் கீழே இறக்கிவிட்டு இதைச் செய்தார்கள். இதைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்கு வரவில்லை.

அதே 2025 ஜூன் மாதம் ராணுவம் இன்னோர் அறிவிப்பும் வெளியிட்டது. 41 அருங்காட்சியகங்கள் அதிகம். 12 அருங்காட்சியகங்களும், கூடவே 4 பயிற்சி மையங்களும் போதும். பராமரிக்கப் பணமில்லை, ஆளில்லை. மீண்டும் பெட்டி, மீண்டும் டிரெய்லர், மீண்டும் எந்தக் கிடங்கு என்ற கேள்வி. அதே ஜூன் 14-ஆம் தேதி, ராணுவத்தின் 250-ஆவது ஆண்டு விழாவென்று வாஷிங்டன் வீதியில் 28 ஆப்ரம்ஸ் டாங்கிகள் ஊர்வலம் வந்தன. அன்று ஜனாதிபதிக்கும் பிறந்தநாள். செலவு இரண்டரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி டாலர் வரை ஆகலாம் என்று ராணுவமே மதிப்புச் சொல்லியிருந்தது. சாலை நொறுங்கிவிடக் கூடாதென்று இரும்புத் தகடுகள் விரித்தார்கள்.

மக்கள் டாங்கியைப் பார்க்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஓடுகிற டாங்கியைத் தாராளமாகப் பார்க்கலாம், இசையோடும் கொடியோடும், நுழைவுக் கட்டணமில்லாமல். நிற்கிற டாங்கிதான் ஆபத்து. நிற்கிற டாங்கியில் குண்டு பாய்ந்த துளை இருக்கும். துளையில் ஒரு சிறுவன் விரலை விட்டுப் பார்ப்பான். உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பான். பக்கத்தில் நிற்கும் தாத்தா பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலைக் கேட்ட பையன் பதினெட்டு வயதில் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு வருவானா, மாட்டானா என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இப்படி ஒரு செலவு எந்தத் தணிக்கையிலும் வராது.

ஊர்வலத்துக்கு வந்த ஆப்ரம்ஸ் டாங்கிகள் டெக்சாஸிலிருந்து ரயிலில் வந்தவை. ஏறியபோது அந்தத் தளத்தின் பெயர் ஃபோர்ட் கவாசோஸ். ஊர்வலத்துக்கு நாலு நாள் முன்னால், அதுவும் இனிமேல் பழையபடி ஃபோர்ட் ஹூட்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஹூட் என்ற பெயரிலும் இன்னொரு வீரர் கிடைத்துவிட்டார்.