அப்டேட் அண்ணன்

தெருவில் பிள்ளையார் கோயில் இருக்கிறதோ இல்லையோ, ஒரு அப்டேட் அண்ணன் இருப்பார். ஆளுக்கு ஆள் பெயர் மாறும், லட்சணம் மாறாது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முதுகில் ஒரு பை. அதற்குள் பவர் பேங்க், நாலு தினுசு கேபிள், சிம் தட்டைத் திறக்கும் ஊசி, குட்டி ஸ்க்ரூ டிரைவர் செட். குடை மட்டும் இருக்காது. மழை எத்தனை மணிக்கு வரும் என்று கைக்கடிகாரம் சொல்லிவிடும். அதை நம்பி நனைந்துகொண்டே வருவார்.

கண்டதும் சௌக்கியம் விசாரிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. உங்கள் கையிலிருக்கும் போனைப் பார்ப்பார். "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" அதுதான் அவருடைய வணக்கம்.

எங்கள் பெரம்பூர்ப் பக்கத்து அண்ணனிடம், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் யோசனை கேட்கப் போனார். மகன் வெளியூரில். பேரன் முகத்தைப் போனில் பார்க்க வேண்டும். பட்ஜெட் பத்தாயிரம்.

"எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க பெரியப்பா? கேமிங்கா, போட்டோகிராபியா?"

"பேரனைப் பாக்கறதுக்குப்பா."

"ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு வேணும்? அறுபதா, நூத்தியிருபதா?"

"பேரன் ஒருத்தன்தான்பா."

அண்ணன் தாளும் பேனாவும் எடுத்து ரேம், பிராசசர், பேட்டரி என்று கட்டம் போட்டு ஒரு அட்டவணை எழுதினார். கடைசியில் தீர்ப்பு: "இப்ப வாங்காதீங்க. தீபாவளிக்கு விலை இறங்கும்." தீபாவளிக்கு விலை இறங்கியது. "இப்பவும் வேணாம், பொங்கலுக்குப் புது மாடல் வருது." பொங்கலுக்கு வந்தது. "முதல் லாட்ல பிரச்சினை இருக்கும், ரெண்டு மாசம் போகட்டும்." இதற்குள் தவழ்ந்துகொண்டிருந்த பேரன் எல்.கே.ஜி.யில் சேர்ந்துவிட்டான். பெரியவர் ஒருநாள் பேசாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், டெம்பர்டு கிளாஸ் இலவசம் என்று சொன்ன கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பிராசசர் ரெண்டு வருஷத்துக்கு முந்தினது பெரியப்பா."

"என்னோடது எழுபது வருஷத்துக்கு முந்தினதுப்பா. ஓடுதுல்ல?"

அண்ணனின் பொற்காலம் நோக்கியா காலம். 2003இல் வந்த 1100 மாடலின் டார்ச்சைப் பற்றிப் பேசினால் குரல் கம்மும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதைத் தம் சொந்தக் கடை நொடித்துப்போன மாதிரி விவரிப்பார். ஐபோன்காரர்கள்மேல் தீராத கோபம். 2016இல் ஹெட்போன் துளையை அடைத்தார்கள். 2020இல் பெட்டிக்குள்ளிருந்த சார்ஜரை எடுத்துவிட்டார்கள். "அடுத்தது போனையே எடுத்துட்டு வெறும் பெட்டியை விப்பான், அதுக்கும் இ.எம்.ஐ. கட்டுவீங்க" என்பார். ஐரோப்பிய ஒன்றியம் எல்லாப் போனுக்கும் டைப்-சி என்று சட்டம் போட, 2023இல் ஐபோனும் அதற்கு இறங்கிவந்தது. அன்று அண்ணன் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். சட்டம் போட்ட பார்லிமென்ட் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பார்.

புதுச் சாமான் எதையும் அவர் ஷோரூமில் வாங்கி நான் பார்த்ததில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்தான். எந்தச் சந்தில் ஒரிஜினல் டிஸ்ப்ளே, எந்த மாடியில் ஃபர்ஸ்ட் காப்பி, எந்தக் கடைக்காரர் மதியம் மூணு மணிக்குமேல் பேரத்துக்கு மசிவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துவிட்டு, லாபத்தோடு வீடு திரும்புவார்.

அண்ணியின் போன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும் எதையும் அண்ணனுக்குப் பார்க்கப் பொறுக்காது. ரூட் செய்து கஸ்டம் ரோம் ஏற்றினார். அன்றிலிருந்து அது கம்பெனி லோகோவை மட்டும் காட்டி அணைந்து, மறுபடியும் லோகோவைக் காட்டுகிறது. அண்ணி பட்டன் போனுக்கு மாறிவிட்டார். "அவளுக்கு சோஷியல் மீடியாவே பிடிக்காது" என்று அண்ணன் வெளியில் சொல்லிக்கொள்கிறார்.

பதிப்புரிமை விஷயத்தில் அவர் பரம பொதுவுடைமைவாதி. "அறிவுக்கு ஏதுங்க வேலி?" பர்மா பஜாரில் படத்தைப் பொட்டலமாக வாங்கிய தலைமுறை அவர். 2004இல் தமிழக அரசு திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது விசிடியைக் கைவிட்டார். மனம் திருந்தி அல்ல, டாரன்ட் வந்துவிட்டது. வீட்டு விண்டோஸ் கிராக். அதைப் பாதுகாக்கும் ஆன்ட்டிவைரஸும் கிராக். திருட்டுச் சரக்குக்குத் திருட்டுப் பூட்டு.

பிறகு ஓ.டி.டி. வந்தது. ஒரு அக்கவுன்ட்டில் அண்ணன் வீடு, மச்சான் வீடு, ஆபீஸ் நண்பர், மாடி வீட்டுக்காரர் எல்லோரும் ஒற்றுமையாகப் படம் பார்த்தார்கள். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் பாஸ்வேர்டு பகிர்வுக்கு முட்டுக்கட்டை போட்டது. அண்ணன் கொதித்தார்: "நம்ம ஊர்ல கூட்டுக் குடும்பத்தை உடைச்சதே இந்த வெள்ளைக்காரன்தான்."

அவரிடம் விஷயம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பாரதியார் பாட்டுக்கு ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் உரிமை வைத்திருந்ததும், 1949இல் அது அரசின் கைக்கு வந்து, பிறகு நாட்டுக்கே பொதுவானதும் அவருக்குத் தெரியும். "மகாகவி பாட்டே ஃப்ரீ! ஒரு மசாலா படத்துக்கு எதுக்குங்க காசு?" என்று அதை அவர் கொண்டுபோய் நிறுத்தும் இடம்தான் கொஞ்சம் இடிக்கும். ஒருநாள் நள்ளிரவில் தெரு வாட்ஸாப் குழுவில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் பி.டி.எஃப்.பாக அனுப்பி, 'டிலீட் ஆகறதுக்குள்ள டவுன்லோடு பண்ணிக்கோங்க, வெளிய சொல்லாதீங்க' என்று எழுதியிருந்தார். கல்கியின் எழுத்து 1999இலேயே நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் பட்டப்பகலில் இறக்கிக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் அண்ணன் முகம் வாடிவிட்டது. சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதில் அவருக்குச் சுவாரசியம் இல்லை.

அரசியலில் அவருக்குக் கட்சி கிடையாது. "எல்லாக் கட்சியும் ஒரே கோடுதான், ஸ்கின் மட்டும் வேற." எம்.எல்.ஏ.வுக்கு ஐந்து ஸ்டார் ரேட்டிங், புகாருக்கு டிக்கெட் நம்பர், பட்ஜெட்டுக்கு எக்செல் ஷீட். இவ்வளவு செய்தால் ஆறு மாதத்தில் தமிழ்நாடு சரியாகிவிடும் என்பார். தமிழ்ப் பற்றும் உண்டு. தமிழ் 99 விசைப்பலகைதான் உலகிலேயே அறிவியல்பூர்வமானது என்று அரை மணி நேரம் பேசுவார். அதை டைப் செய்து அனுப்புவதோ ஆங்கில எழுத்தில்.

வாக்குப்பதிவு இயந்திரம் பற்றி அவரிடம் இரண்டு கருத்துகள் தயாராக உண்டு. எது வெளியே வரும் என்பது ஓட்டு எண்ணும் நாள் மாலையில் தெரியும். அவர் போட்ட ஆள் ஜெயித்தால், "நம்ம எழுத்தாளர் சுஜாதா பெங்களூர் பெல்ல இருந்தப்போ உருவாக்கின மெஷின்ங்க. பேட்டரியில ஓடுது. நெட்டும் கிடையாது, ப்ளூடூத்தும் கிடையாது. யாரால என்ன பண்ண முடியும்?" தோற்றால், "ப்ளூடூத்ல மாத்திட்டான்."

"ப்ளூடூத்தே இல்லைன்னு போன தடவை சொன்னீங்களே?"

"அது பழைய வெர்ஷன்."

"யாருக்குப் போட்டோம்னு ஏழு செகண்ட் சீட்டு தெரியுதே அண்ணா?"

"அந்த ஏழு செகண்ட்லதான் மாத்தறான்."

2016 நவம்பரில் 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட்டுக்குத் தெரியும் என்று நாடு முழுக்கப் புரளி ஓடியது. மற்றவர்கள் அதைச் சும்மா பரப்பினார்கள். அண்ணன் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று நோட்டை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். ரிசர்வ் வங்கி சொன்ன பாதுகாப்பு அம்சங்களில் சிப் என்ற பேச்சே இல்லை. "இருந்தா வெளிய சொல்லுவாங்களா?" 2023 மே மாதம் அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அண்ணன் அசரவில்லை. "கம்பெனி சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. எல்லாப் பொருளுக்கும் உள்ளதுதான்."

நாட்டைக் கெடுத்தது இலவசம் என்பதில் மட்டும் அவர் உறுதியானவர். 2006 கலர் டி.வி., 2011 மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப் என்று வரிசையாகப் பட்டியல் போடுவார். இந்தப் பேருரையை ரயில்வே ஸ்டேஷனின் இலவச வைஃபையில் உட்கார்ந்தபடிதான் அனுப்புவார். கொடுத்த நேரம் தீர்ந்ததும் அண்ணியின் நம்பரைப் போட்டுத் தொடர்வார். அக்கா மகளுக்கு வந்த அரசு லேப்டாப்பில்தான் லினக்ஸே கற்றுக்கொண்டார் என்பது தனிக் கதை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் விடாமல் எடுத்துக்காட்டுவார். லேப்டாப் கேமராமேல் பிளாஸ்டர் ஒட்டியிருப்பார். ஆனால் பிரியாணிக் கடைக் குலுக்கல் சீட்டில் போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் மூன்றையும் திருத்தமாக எழுதிப் போட்டுவிட்டு வருவார்.

பதிப்புரிமையும் அரசியலும் அண்ணன் தலையில் ஒன்றாக வந்து விழுந்தது ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில். மழை ஓய்ந்த ஓர் இரவில் பெரம்பூர் மேம்பாலத்தை அவர் நைட் மோடில் எடுத்த படம், ஈரச் சாலையில் விளக்கு வெளிச்சமாக, நிஜமாகவே நல்ல படம். அடுத்த மாதம் முச்சந்தியில் முப்பதடி நீளத்தில் அதே படம். முன்னால் கைகூப்பிய தலைவர், மேலே 'வளர்ச்சியின் நாயகனே!' அண்ணன் நேரே வட்டச் செயலாளரிடம் போனார்.

"இது என் போட்டோங்க."

"பாலம் கவர்மென்ட்டுது தம்பி. மழை ஆண்டவன் குடுத்தது. இதுல உங்களுது எது?"

அறிவுக்கு வேலி கிடையாது என்று சொன்ன வாயிலிருந்து சட்டம் சரளமாகக் கொட்டியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012 திருத்தம், எடுத்தவர் ஆயுள் முழுக்க, அதற்குமேல் இன்னும் 60 வருஷம்.

"அறுபது வருஷமா? தலைவர் பொறந்தநாள் நாளன்னைக்கே முடிஞ்சுடும் தம்பி. கழட்டிடுவோம்."

"அட்லீஸ்ட் என் பேரையாவது போடணும்ங்க. அது எடுத்தவனோட உரிமை."

"இவ்ளோதானே? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

மறுநாள் காலை பேனரின் கீழ்வரிசையில், பெட்டிக்கடைக்காரருக்கும் தண்ணி லாரிக்காரருக்கும் நடுவில், தபால்தலை அளவில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். படம் அவருடைய வாட்ஸாப் முகப்பிலிருந்து எடுத்தது. அதற்கும் அனுமதி கேட்கவில்லை. கீழே பெயர், பெயருக்குக் கீழே 'தகவல் தொழில்நுட்ப அணி'.

எதிர்க்கட்சி டீக்கடைக்காரர் அன்றோடு கடன் கணக்கை மூடிவிட்டார். மாமனார் வீட்டிலிருந்து வாழ்த்து வந்தது. அண்ணன் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு தம் படங்கள் எல்லாவற்றையும் கிரியேட்டிவ் காமன்ஸில், எடுத்தவர் பெயரே போட வேண்டாத ரகத்தில் போட்டுவிட்டார். "யாரு வேணா எடுத்துக்கட்டும். பேரை மட்டும் போட்டுடாதீங்கடா சாமி."

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நவம்பர் வந்தால் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். அதே ஐ.சி.எஃப். பெரியவருக்கு ஆயுளெல்லாம் வெல்டிங் பிடித்த கை, ரேகை தேய்ந்துபோய்விட்டது. எந்தக் கருவியில் வைத்தாலும் இவர் இவரில்லை என்றது. அண்ணன் வீட்டுக்கே போய், முகத்தைப் பார்த்துப் பதிவு செய்யும் ஆப்பைப் பெரியவர் போனில் ஏற்றி, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "கண்ணைச் சிமிட்டுங்க பெரியப்பா. ரெண்டையும். ஒண்ணு இல்ல, ரெண்டையும்." அஞ்சாவது தடவை பச்சை டிக் விழுந்தது. பென்ஷன் நிற்கவில்லை. இரண்டு வருடம் பழசான அந்த பிராசசரைப் பற்றி அண்ணன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு இ.பி. பில் கட்டுவது அவர். பொறியியல் கலந்தாய்வில் பிள்ளைகளுக்குக் கல்லூரி வரிசை போட்டுக் கொடுப்பது அவர். 'உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆயிடுச்சு' என்று போன் வந்து பதறிய ஒரு டீச்சரம்மாவை, ஓ.டி.பி. சொல்வதற்கு முன் தடுத்து, 1930க்குப் புகார் கொடுக்க வைத்ததும் அவர்தான். இதற்கெல்லாம் ஒரு பைசா வாங்கியது கிடையாது. இலவசத்தை அவ்வளவு திட்டுகிறவர், தெருவுக்கே செய்வதெல்லாம் இலவச வேலை.

ஆகவே வாசகர்களே, உங்கள் தெரு அண்ணனிடம் போன் வாங்குமுன் யோசனை கேட்காதீர்கள். வாங்கிய பிறகு உதவி கேளுங்கள். அவர் கருத்துக்குத் தலையாட்டிவிட்டு, கைக்கு வேலை கொடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு நல்ல காபி. தேர்தல் முடிவு வரும் நாளில் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.