வேலை போனால் வரும் வேலைகள்

சேலம், நாமக்கல் பக்கம் ஒருவருக்கு வேலை போனால் அடுத்த வேலையை அவர் தேட வேண்டியதில்லை. சொந்தபந்தம் தேடித் தந்துவிடும். "கோழிப்பண்ணை போட்டுரு கண்ணு" என்பார் நாமக்கல் மாமா. அவருடைய பண்ணைக் கடன் இன்னும் வங்கியில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. "போர்வெல் ரிக் வண்டி எடுத்து வடக்கே ஓட்டு" என்பார் திருச்செங்கோட்டுச் சித்தப்பா. வண்டிக்கு முதல் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் பொரட்டிக்கலாம்." பள்ளிபாளையம் பெரியம்மா மட்டும் தறி போடச் சொல்வதில்லை, அவர் தறி போட்டவர்.

அரசும் சும்மா இல்லை. வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. முட்டை ஐந்தாறு ரூபாய் விற்கும் ஊரில் தினம் மூன்று முட்டை, சத்தான திட்டம்தான். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். இடையில் வேலை ஏதும் கிடைத்துத் தொலையாமல் பார்த்துக்கொள்வது விண்ணப்பதாரரின் சாமர்த்தியம்.

மாமாக்கள் யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஈஎஸ்ஐயில் 2018இல் வந்த அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. பெயரை வாசித்து முடிப்பதற்குள் வேறு வேலையே கிடைத்துவிடும் என்றாலும் விஷயம் உருப்படியானது. வேலையிழந்த காப்பீட்டுதாரருக்கு வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, சராசரி தினக்கூலியில் பாதி. பட்டறையோ மில்லோ, பழைய சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால், கோழிக்குஞ்சுக்கு முன்பணம் கட்டுமுன் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.