உப்புக் கணக்கு

1993இல் என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு, படுங்க" என்பதோடு சரி. பாதரசம் ஏறி இறங்கும் பெட்டியின் முகம் சிஸ்டர் பக்கம் இருக்கும், மூடி என் பக்கம் இருக்கும். எட்டிப் பார்த்தால், "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்பார். நியாயம்தான். என்னிடம் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கை மட்டும்.

தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். மெட்டியைக் கழற்ற முடியாத அளவுக்குக் கால் வீக்கம். மாமியார் அதைப் பார்த்து ஆம்பளைப் பிள்ளைதான் என்று தீர்ப்புச் சொல்லி, நீர்முள்ளிக் கஷாயம் வைத்தார். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அதே காலை விரலால் அமுக்கிப் பார்த்து அட்மிஷன் போட்டார். (பிறந்தது பெண். வீக்கம் நல்ல கர்ப்பத்திலும் வரும் என்பதால், இந்தக் கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் இலக்கணத்திலிருந்தே அதைப் பிற்பாடு நீக்கிவிட்டார்கள். 140க்கு 90 தொட்ட அழுத்தம், கூடவே சிறுநீரில் புரதம் அல்லது ஈரல், சிறுநீரகம் மாதிரி ஏதாவதொன்றில் கோளாறு என்பதுதான் இன்றைய கணக்கு. மாமியார் கடைசிவரை தன் கணக்கை மாற்றவில்லை.)

வைத்தியத்தில் பெரும்பங்கு படுத்திருப்பதுதான். அதிலும் இடது பக்கமாக. எல்லோரும் இடப்பக்கம் ஒருக்களித்தால் வார்டே ஒரே திசையைப் பார்க்கும். பக்கத்துக் கட்டில்காரியின் முகத்தைவிட ஜடைதான் எனக்கு நன்றாகப் பழக்கம். எழுந்து ஜன்னல்வரை போனால் ஆயாம்மா அதட்டுவார்.

அடுத்தது உப்பில்லாப் பத்தியம். அம்மா தூக்கில் கொண்டுவரும் ரசத்தை ரசம் என்று சொல்ல அம்மாவுக்கே கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரி ரொட்டியில் உப்பு உண்டே என்று ஒருநாள் கேட்டேன். "அது டயட்டுல குடுக்கிறது" என்று பதில் வந்தது. ஆகவே நாங்கள் எங்கள் ஏற்பாட்டைச் செய்துகொண்டோம். ஜடைக்காரியின் தலையணை உறைக்குள் ஒரு நார்த்தங்காய்ப் பொட்டலம் இருந்தது. ராத்திரி ரவுண்ட்ஸ் முடிந்ததும் துண்டு துண்டாகக் கட்டில் கட்டிலாக அது போகும். அதட்டும் ஆயாம்மாவுக்கும் ஒரு துண்டு உண்டு.

விடிந்தால் அல்புமின் பரிசோதனை. சோதனைக் குழாயில் சிறுநீரைப் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் சுடவைத்து, அமிலம் சொட்டுவிட்டுப் பார்ப்பார்கள். கலங்கினால் ப்ளஸ். கலங்கலின் அடர்த்தியைப் பொறுத்து எத்தனை ப்ளஸ் என்று எழுதுவார்கள். "உனக்கு எத்தனை?" என்று கேட்டுக்கொண்டுதான் வார்டு கண்விழிக்கும். மூன்று ப்ளஸ்காரிக்கு ஒரு மரியாதை இருந்தது. பாத்ரூம் வரிசையில் அவளுக்கு முதலிடம்.

கோடியில் ஜன்னல் சாத்திய ஓர் அறை இருந்தது, ஜன்னி கண்டவர்களுக்கு. வெளிச்சமும் சத்தமும் வலிப்பைத் தூண்டும் என்று இருட்டில் கிடத்தி, பெதிடின், குளோர்ப்ரோமசின், ப்ரொமெதசின் மூன்றையும் கொடுத்து மயக்கத்தில் வைப்பார்கள். சென்னையில் டாக்டர் கிருஷ்ண மேனன் வகுத்து, 1961இல் எழுதி வெளியிட்ட முறை. நாடு முழுக்கப் பல காலம் அதுதான் கை கொடுத்தது. எங்கள் ஊரில் அந்த அமைதி அறைக்கு மதில் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு. ஒரு ராத்திரி ஜடைக்காரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலையில் யாரும் யாரையும் ப்ளஸ் கேட்கவில்லை. சில நாள் கழித்து வெளியே வந்தாள், நாக்கில் கடித்த காயத்தோடு. பிள்ளை இல்லை.

எனக்கு வலிப்பு வரவில்லை. குறைமாதத்திலேயே பிள்ளையை எடுத்து, மூச்சுத் திணறுகிறது என்று இன்குபேட்டரில் வைத்தார்கள்.

அந்தப் பிள்ளைக்கு 2023இல் எட்டாம் மாதம். அதே ஆஸ்பத்திரி, புதுக் கட்டடம். முதல் செக்கப்பிலேயே, "உங்க அம்மாவுக்கு பி.பி. இருந்ததா?" என்று கேட்டார்களாம். நான் பட்டது அத்தனையும் அவள் கேஸ் ஷீட்டில் ஒரு டிக். தலைப்பிரசவம் என்பதும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் மாதம் முடிந்ததும் ராத்திரிக்கு ஒரு சின்ன ஆஸ்பிரின் எழுதினார்கள். அது பலருக்குத் தடுக்கும், எல்லோருக்கும் அல்ல. இவள் இரண்டாவது வகை.

இப்போது எண்ணை மறைப்பதில்லை. மிஷின் தானே கையை இறுக்கி, தானே விட்டு, பெரிய எழுத்தில் காட்டுகிறது. 148/96. மாப்பிள்ளை அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட, மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கும்பிடு போடுகிறார். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது இன்னும் ஏறும். கடைசியில் சிஸ்டர் மிஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். எங்கள் காலத்து சிஸ்டர்களை நான் மனதுக்குள் மன்னித்தேன்.

இடது பக்கம் படு என்று அவளைப் பிடித்துப் படுக்கவைத்திருந்த நேரத்தில் டியூட்டி டாக்டர் வந்தார். மீசை சரியாக முளைக்காத தம்பி. "ஏன் படுத்தே கிடக்கறாங்க? நடக்கச் சொல்லுங்க. படுத்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும்." சரி, சாப்பாட்டில் உப்பு? "எப்பவும் போல போடுங்க." கண்டிப்பான படுக்கையும் வேண்டாம், உப்பைக் குறைக்கவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2011இல் சொல்லிவிட்டதாம். வார்டில் பாதிப்பேர் உலாத்திக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையின் நுரையீரல் முதிர அவளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். புதுசா என்று கேட்டேன். 1972லேயே நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் கண்டு எழுதியதாம். இருபத்தோரு வருஷத்தில் அந்த ஊசியால் எங்கள் வார்டுவரை வர முடியவில்லை. உப்பில்லா ரசம் மட்டும் எந்த ஆராய்ச்சியும் கையில் இல்லாமல் சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

பிறகு ஒரு ராத்திரி 160/110. தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். இருட்டறை எங்கே என்று தேடினேன். விடிய விடிய விளக்கெரியும் ஹெச்.டி.யூ. என்ற தீவிரக் கண்காணிப்பு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே அத்தனை மிஷினும் கூவிக்கொண்டிருந்தன. மெக்னீசியம் சல்பேட். எங்கள் தாத்தா பேதிக்குக் குடித்த அதே பேதி உப்புதான். நரம்பில் 4 கிராம், இடுப்புக்கு ஒரு பக்கம் 5 கிராம் வீதம். உடம்பெல்லாம் எரிகிறது என்று கத்தினாள். 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல் சோதித்து, வலிப்பு பாதிக்கு மேல் குறைவதை 2002இல் உறுதி செய்தார்களாம். அளவு மிஞ்சினால் மூச்சு நிற்கும் என்பதால், நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலைச் சுத்தியலால் தட்டி, மூச்சை எண்ணி, சிறுநீர்ப் பையை அளந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தட்டுக்கும் கால் துள்ளியது. நானும் கூடவே துள்ளினேன்.

மறுநாள் பிள்ளையை எடுத்தார்கள். இந்த நோய் தீர அன்றும் இன்றும் வேறு வழி இல்லை, பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்தாக வேண்டும். பேரன். மகளுக்குக் கால் வீங்கவே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று அதே தம்பி வந்து, வருஷா வருஷம் பி.பி. பார்க்கணும், இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயக் கோளாறு வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று மகளிடம் விளக்கினார். எனக்கு அன்றைக்கு, "பிள்ளை பொறந்தாச்சு, இனி ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு என்ன தோன்றியதோ, பட்டையை என் கையில் சுற்றினார். மிஷின் இந்தத் தடவை என் பக்கம் பார்த்திருந்தது. 172/100.

"மாத்திரை ஆரம்பிக்கணும், பாட்டி" என்றார். என்னைப் பாட்டி என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான். "உப்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்துங்க."

மகள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் தட்டிலிருந்த நார்த்தங்காயை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.