வருகைப் பதிவேடும் வாய்ப்பூட்டும்

வலைப்பூ எழுதுகிறவர்களும், எழுத உத்தேசித்திருக்கிறவர்களும், எழுதி ஓய்ந்து போனவர்களும் அனுப்பியிருந்த வினாக்களுள் சிலவற்றுக்கு இம்முறை விடை எழுதுகிறேன். ‘ஒரே மாதத்தில் லட்சம் வாசகர்களைப் பெறுவது எப்படி?’ என்று கேட்ட அன்பர்கள் பலர். விடை தெரிந்திருந்தால் இந்தப் பகுதியை எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பதை அவர்கள் தாமே ஊகித்துக்கொள்வார்களாக.

நாள் தவறாமல் எழுதி வருகிறேன். தினமும் பத்துப் பேருக்கு மேல் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன குறை ஐயா? (கும்பகோணம் வாசகர்)

பத்துப் பேர்தானா என்று தாங்கள் வருந்துவது நியாயமே. ஆனால் அந்தப் பத்துப் பேரும் மனுஷ்ய ஜன்மங்கள்தாமா என்பதை முதலில் விசாரித்தறிவது நல்லது. பிளாக்கரின் புள்ளிவிவரப் பக்கத்தில், வருகிறவர்கள் எந்தத் தேசத்திலிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. தமிழின் காற்றே படாத ஒரு தேசத்திலிருந்து ஒரே இரவில் நாற்பது பேர் வந்து போனதாக அதில் கண்டு, நமது கீர்த்தி கடல் கடந்துவிட்டது என்று பூரித்து, அவர்கள் வந்த வழியாகக் குறிக்கப்பட்டிருக்கும் முகவரியை ஆவலோடு ஒருவர் சொடுக்கினாரானால், அங்கே ஒருவன் மாத்திரைக் கடையோ சூதாட்டக் கடையோ விரித்திருப்பான். வந்தது இயந்திரம், பதிவேட்டில் தன் முகவரி விழ வேண்டும், அதைத் தளத்துக்காரர் சொடுக்க வேண்டும் என்பதே அதன் ஏக நோக்கம். தங்களை வாசகராக்கிக்கொள்ள வந்தவனைத் தாங்கள் வாசகன் என்று எண்ணி மகிழ்ந்தீர்கள், அவ்வளவுதான். இவனையும், கூகுள், பிங் முதலான தேடுபொறிகள் அனுப்பும் உளவு நிரல்களையும், தாங்களே தங்கள் பக்கத்தை அரைமணிக்கொரு தரம் திறந்து பார்ப்பதையும் கழித்தபின் மூவர் மிஞ்சினால், அவர்களுக்காக எழுதுங்கள்.

கல்வெட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் என் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘பஸ் நேரம்’ என்று தேடிக்கொண்டு வருகிறார்கள். எப்படி இது? (மன்னார்குடி ஆசிரியர்)

கோயிலுக்குப் போகும் வழியைச் சொல்லும்போது பேருந்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு வரிதான் ஊருக்கு வேண்டியிருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ என்ற கருவியில், இன்னின்ன சொற்களைத் தேடியவர்களுக்குத் தங்கள் பக்கம் இத்தனை முறை காட்டப்பட்டது, அதில் இத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக இத்தனையாவது இடத்தில் இருந்தது என்ற விவரமெல்லாம் வரிசையாகக் கிடைக்கும். அதைப் பார்த்தால் ஜனங்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்பது புலப்படும். ‘சோழர் காலத்துச் சாசனம்’ என்று தாங்கள் தலைப்பிட, ஊர்ப்பெயரையும் ‘கல்வெட்டு’ என்ற சொல்லையும் சேர்த்து, அதையும் ஆங்கில எழுத்தில் அவர்கள் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே தலைப்பில் ஊர்ப்பெயர் இருக்கட்டும். சாசனத்தின் பாடத்தைப் படமாக மட்டும் ஒட்டாமல் எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். படத்தில் உள்ளதைத் தேடுபொறி படித்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதைவிட அது நிச்சயமானது. ஒரே பதிவில் ஒன்பது கோயில்களைத் திணிக்காமல் ஒன்றுக்கு ஒன்றாக எழுதுங்கள். பழைய பதிவிலிருந்து புதியதற்கும் புதியதிலிருந்து பழையதற்கும் சுட்டி கொடுங்கள். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியதே, ஒரு பக்கத்தை எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் யோக்கியதையை அளக்கலாம் என்ற யோசனையின்மேல்தான்.

இவ்வளவும் செய்யலாம், செய்வதில் அகௌரவம் ஏதுமில்லை. ஆனால் பஸ் நேரத்துக்குக் கூட்டம் சேர்கிறது என்று கண்டு, அடுத்த வாரம் பஸ் நேரமும், அதற்கடுத்த வாரம் ரயில் நேரமும், அதன்பின் ராசிபலனும் எழுதத் தலைப்பட்டீர்களானால், எந்த சர்க்காரும் தணிக்கை அதிகாரியும் கேட்காமலேயே கல்வெட்டைப் பற்றிப் பேசும் சுதந்திரத்தைத் தாங்களாகவே ஒப்படைத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வாயைப் பூட்டியவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பதிவேட்டின் எண்ணைப் பார்த்துத் தாமே பூட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

முப்பது நாளில் கூகுளின் முதல் பக்கத்தில் நிறுத்துவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (சென்னை வாசகர்)

அவருடைய சொந்தத் தளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பக்கத்தின் மறைவில் நூறு குறிச்சொற்களைப் பதித்துவைக்கும் வித்தையை அவர் விற்பாரானால், அந்தக் குறிச்சொல் பட்டியலைத் தான் பொருட்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டதைத் தெரிவியுங்கள். எங்கிருந்தோ அள்ளி வந்த சத்தற்ற கட்டுரைகளால் தளத்தை நிரப்பித் தருவதாகச் சொன்னால், அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளுவதற்கென்றே 2011இல் ‘பாண்டா’ என்ற சாதுவான பெயரால் ஒரு மாற்றம் வந்து, பல தளங்கள் ஒரே வாரத்தில் வாசகரை இழந்த கதையையும் சொல்லுங்கள்.

வலைப்பூவின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே? (கோயம்புத்தூர் வாசகி)

முடிந்தது வலைப்பூவன்று, வலைப்பூக்காரர்களின் கூட்டுக்குடும்பம். தமிழில் வலைப்பதிவுகள் தலையெடுத்தது 2003ஆம் வருஷத்தை ஒட்டி. அதற்குமுன், பக்கத்தைத் திறந்தால் எழுத்துகளெல்லாம் கட்டங்களாகத் தெரிய, ‘இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்ற அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் விளங்கும் நிலைமை. யூனிகோடு பரவி அந்தத் தொல்லை நீங்கிய சமயத்தில், சிதறிக் கிடந்த பதிவுகளையெல்லாம் ஒரே முகப்பில் காட்டும் ‘தமிழ்மணம்’ என்ற திரட்டி 2004இல் வந்தது. அதன்பின் சில வருஷங்கள் நடந்தது ஒரு திருவிழா. பதிவு வெளியான மறுநிமிஷமே, அதைப் படிக்காமலே, ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று ஒருவர் பின்னூட்டம் இடுவார்; இரண்டாவது ஆள் முதல் ஆளை வாழ்த்துவார்; ‘அனானி’ ஒருவர் வந்து இருவரையும் வைவார்; உடனே கும்மி தொடங்கும். எனக்கு நீ வைத்த பின்னூட்டத்துக்கு உனக்கு நான் வைக்கும் பின்னூட்டம் என்ற கணக்கு வழக்குக்கு ‘மொய்’ என்றே பெயர். அந்த மொய்யில் இலக்கியமும் இருந்தது, ஜாதிச் சண்டையும் இருந்தது. ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று எங்கோ அந்நிய தேசத்தில் ஒரு கணக்கீடு உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. நேரத்தின் வரிசைப்படி எல்லோருடைய பதிவும் முகப்பில் ஏறி இறங்கியது.

பல தளங்களின் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய தன் ‘ரீடரை’ 2013 ஜூலை முதல் தேதியில் கூகுள் மூடியது. ஜனங்கள் அதற்கு முன்பே முகநூலுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். அங்கே கூட்டம் உண்டு, விலாசந்தான் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு முகநூலில் தாங்கள் எழுதிய ஒரு நல்ல குறிப்பை இன்று தேடி எடுத்துவிடுங்கள் பார்க்கலாம். 2005இல் யாரோ எழுதிவைத்த வலைப்பதிவு ஒரு தேடலில் வந்து நிற்கிறது.

பத்துப் பேர் படிக்கும் எனக்கெல்லாம் சட்டம் பாயுமா? கூட்டம் சேர்ந்த பிறகு பயந்தால் போதாதா? (விழுப்புரம் வாசகர்)

சட்டத்துக்கு வாசகர் எண்ணிக்கை தேவையில்லை. ஒரு புகார்தாரர் போதும். 2012இல் புதுச்சேரிக்காரர் ஒருவர் மத்திய மந்திரியின் புதல்வரைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிக் கைதானபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று பத்திரிகைகள் எழுதின. கைதுக்குப் பிறகோ ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். வாசகரைப் பெருக்கும் உபாயங்களுள் இதைவிடத் துரிதமானதை நான் அறியேன், சிபாரிசு செய்யமாட்டேன்.

அவர்மேல் பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2008ஆம் வருஷத்துத் திருத்தத்தின் வழியே உள்ளே புகுந்த அந்தப் பிரிவு, கணினி வழியே ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ முதலியன விளைவிப்போருக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசம் விதித்தது. எரிச்சல் உண்டாக்குவது குற்றமென்றால் கவியரங்கங்கள் எப்படி நடந்துவந்தன என்று கேட்கத் தோன்றும். அந்த வாசகத்தின் பூர்விகமோ, டெலிபோனில் வசைபாடுகிறவர்களை அடக்க 1935இல் பிரிட்டன் தன் தபால் நிலையச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம்; ஒருவர் காதில் ஒருவர் ஓதுவதற்கு ஆன விதியை ஊரறியப் பேசுவதற்கும் பூட்டிவிட்டார்கள். 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் என்ற ஊரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே காலமானதை ஒட்டி மும்பை கடையடைத்துக் கிடந்ததைக் குறித்து முகநூலில் எழுதிய ஒரு பெண்ணும், அதற்கு ‘லைக்’ இட்ட இன்னொரு பெண்ணும் கைதானார்கள். அதைக் கண்டு டெல்லியைச் சேர்ந்த ஒரு இளம்பெண், ஸ்ரேயா சிங்கால், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நரிமனும் 2015 மார்ச் 24ஆம் தேதி அந்தப் பிரிவை அடியோடு ரத்துச் செய்தார்கள். ஒரு விஷயத்தை விவாதிப்பதும், எவ்வளவு கசப்பானதாயினும் ஒரு கருத்தை ஆதரித்து வாதாடுவதும் உரிமைக்குள் அடங்கும், தூண்டிவிடும் எல்லையை எட்டும்போதே சட்டம் குறுக்கிடலாம் என்பது நரிமன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நீதி நூல்களில் சேர்க்கலாம். ஆறு வருஷம் கழித்து, 2021இல், அதே உச்ச நீதிமன்றம் திகைத்துப் போய்க் கேட்டது, ரத்தான பிரிவின்கீழ் இன்னமுமா வழக்குப் பதிகிறீர்கள் என்று! தீர்ப்பு டெல்லியிலிருந்து போலீஸ் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் காலாவதியான சட்டப் புத்தகமே மேஜைமேல் விரிந்து கிடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று.

தளத்தை வெளிநாட்டு சர்வரில் வைத்துக்கொண்டால் நம்மை யாரும் தொட முடியாதல்லவா? (திருநெல்வேலி வாசகர்)

இந்த யோசனை நூறு வருஷத்துக்கு முந்தியது. 1906இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகைமேல் 1908இல் ராஜநிந்தனை வழக்கு வந்தபோது, சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்தவர் சிறை சென்றார். எழுத்துக்கு உயிராக இருந்த பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையும் பின்னாலேயே போய் அங்கிருந்து வெளிவந்தது. புதுச்சேரியில் அச்சடிக்க யாதொரு தடையுமில்லை. ஆனால் படிக்கிறவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். அச்சகத்தைத் தொட முடியாத ஆங்கில சர்க்கார், பிரதிகள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. 1910இல் பத்திரிகை நின்று போயிற்று.

இன்று அந்த வேலையைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு செய்கிறது. தேசப் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக ஒரு தளத்தை இந்தியாவுக்குள் தெரியாமல் அடைக்க மத்திய சர்க்கார் உத்தரவிடலாம். 66ஏயை வீழ்த்திய அதே தீர்ப்பு இதை நிலைநிறுத்தியது. இந்த உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று விதி இருப்பதுதான் எனக்கு விளங்காத நியாயம். பத்திரிகையை முடக்கிய வெள்ளைக்காரன்கூட அதை கெஜட்டில் போட்டுத்தான் முடக்கினான். தவிரவும், தளம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தாலும் தாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிற வரையில், பிடிவாரண்டு பாளையங்கோட்டைக்கே வரும்.

அடைப்பதிலாவது கவனமாக இருக்கிறார்களா? (ஈரோடு வாசகர்)

2006 ஜூலையில் சுமார் இருபது பக்கங்களை அடைக்கும்படி உத்தரவு போயிற்று. இணைய சேவைக் கம்பெனிகளில் பல, அந்தப் பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் சிரமத்துக்குப் போகாமல், பிளாக்கர் வலைப்பூக்கள் குடியிருக்கும் பிளாக்ஸ்பாட் முழுவதையுமே அடைத்துவிட்டன. சமையல் குறிப்பு எழுதியவர்களும் தேச விரோதிகளோடு சேர்ந்து சில நாள் அஞ்ஞாதவாசம் செய்தார்கள். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற காரியம்.

புனைபெயரில் எழுதினால்? (திண்டுக்கல் வாசகி)

தாராளமாக. ஆனால் புனைபெயர் வாசகரிடமிருந்துதான் மறைக்கும். எந்த இணைப்பிலிருந்து எந்த நேரத்தில் உள்ளே வந்தீர்கள் என்ற குறிப்பு சேவைக் கம்பெனியிடம் இருக்கும், சட்டப்படி கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பதும் கவசமாகாது. முன்னனுப்புவது அந்தச் செய்தியை ஆமோதிப்பதற்கே சமானம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. இன்னொன்று: எழுதியது உண்மை என்ற ஒரே காரணத்தால் அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றவியல் சட்டத்தில், உண்மையாயிருப்பதோடு பொது நன்மைக்காகவும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கடன் விவரத்தைப் பிரசுரிக்கும்போது இது ஞாபகமிருக்கட்டும்.

விளம்பரத்தால் மாதம் எவ்வளவு வரும்? (மதுரை வாசகர்)

2003இல் தொடங்கிய கூகுளின் ‘ஆட்சென்ஸ்’ தமிழை அங்கீகரித்தது 2018இல். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சேர்ந்ததும் எழுதுங்கள், அப்போதும் நான் இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தால் பதில் சொல்கிறேன்.

ஒருவர் ஒவ்வொரு பதிவின் கீழும் வந்து என்னை ஏசுகிறார். அவருடைய பின்னூட்டத்தை நீக்கினால் கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்கிறார். உண்மையா? (தஞ்சாவூர் வாசகி)

அரசியல் சாசனத்தின் 19ஆவது ஷரத்து முதன்மையாகக் கட்டுப்படுத்துவது சர்க்காரைத்தான். அவருக்குத் தனியாக ஒரு வலைப்பூ தொடங்க ஐந்து நிமிஷம் போதும், காசும் வேண்டாம். அங்கே அவர் தங்களை ஆயுள் முழுவதும் ஏசலாம். ஆகவே தாராளமாக நீக்கலாம். ஆனால் நீக்குமுன் அவர் எழுதியதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஏழாவது பத்தியில் தாங்கள் வருஷத்தைத் தவறாகப் போட்டிருப்பதாக அவர் சொல்லியிருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; ஏழாவது பத்தி வரையில் வந்தவர் வேறு யாருமில்லை.