வீட்டில் விட்ட மூச்சுக்குக் காசு கிடையாது

பெறுநர்: க்ளெய்ம் பிரிவு மேலாளர் அவர்கள், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். (நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதற்கும் கையொப்பமிட்ட படிவம் ஒன்று கேட்பீர்கள்.)

பொருள்: சிபாப் இயந்திரத்துக்கான தொகை மறுக்கப்பட்டது - நன்றி தெரிவித்தல் - தொடர்பாக.

ஐயா / அம்மா,

தங்களின் நிராகரிப்புக் கடிதம் கிடைத்தது. அதற்கு முந்தைய நிராகரிப்புக் கடிதமும் பத்திரமாக இருக்கிறது. தலையிலும் மார்பிலும் விரலிலும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு ஓர் இரவு முழுக்கப் படுத்துச் செய்துகொண்ட உறக்கப் பரிசோதனைக்குப் பணம் கிடையாது என்றது முந்தையது. அது நோயைக் கண்டுபிடிக்க மட்டுமே செய்தது, சிகிச்சை ஆகாதாம். சரி என்று சிகிச்சைக்குப் போனேன். அதற்கு வாங்கிய இயந்திரத்துக்கும் பணம் கிடையாது என்கிறது இப்போது வந்தது. வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறேனாம், மருத்துவமனையில் 24 மணி நேரம் தங்கவில்லையாம். நோயைக் கண்டுபிடிக்கவும் கூடாது, தப்பித் தவறிக் கண்டுபிடித்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கவும் கூடாது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற அலுவலகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பரிசோதனை அறிக்கையைத் தாங்கள் படித்திருக்கக் கூடும் என்று நம்ப ஆசை. படிக்காதவர்களுக்காக: எனக்குத் தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துவிடுகிறது. மூச்சு பத்து விநாடியாவது நின்றாலோ, வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒன்று என்று எண்ணுகிறார்கள். மணிக்கு 5-க்குள் இருந்தால் கவலையில்லை, 30-ஐத் தொட்டால் கடுமை. எனக்கு 42. பள்ளியில் கணக்குப் பாடத்தில்கூட இதைத் தாண்டியதாக நினைவில்லை. மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை அலறியடித்து என்னை எழுப்பிவிடுகிறது. எழுந்தது எனக்கே தெரியாது. காலையில் தலைவலியோடும் ஏறிய ரத்த அழுத்தத்தோடும் எழுந்து, பகலெல்லாம் ரேஷன் கடை வரிசையில்கூட நின்றபடி தூங்குவேன். ஊரார் இதற்கு வைத்த பெயர் 'கொடுத்து வைத்தவர், படுத்த உடனே தூங்கிடுவார்'.

தங்கள் நியாயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் புரட்டினேன். தாங்கள் எவ்வளவு பெரிய துரோகத்துக்கு ஆளாகியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் இந்த நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர், வார்டு, தையல், 24 மணி நேரத்துக்கு மேல் தங்கல் என்று தங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்திருக்காது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வந்து கெடுத்தார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, உறிஞ்சுவதற்குப் பதிலாக மூக்கின் வழியே காற்றை ஊதவைத்தார். அந்த அழுத்தத்தில் தொண்டை மூடாமல் திறந்தே இருந்தது. சிபாப் பிறந்த கதை இதுதான். 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் அதை எழுதியும் விட்டார். அன்றிலிருந்து நோயாளிகள் அவரவர் வீட்டுக் கட்டிலில் படுத்தே பிழைத்துக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தர ஆளில்லை.

இயந்திரம் வாங்கியதோடு கதை முடியவில்லை, அது என் மூக்கோடு குடித்தனம் நடத்தப் பழக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில், ஓடுகிற பேருந்தின் ஜன்னலில் முகத்தை நீட்டி மூச்சு விடுவது போல இருந்தது. உள்ளே இழுப்பது சுலபம், வெளியே விடுவதற்குத்தான் போராட்டம். வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய்வழியே புயலாக வரும். விழுங்கிய காற்று வயிற்றில் தங்க, விடியற்காலையில் நான் விடும் ஏப்பத்துக்கு என் மனைவி ஓமத் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாதி இரவில் என் கையே மூக்கில் மாட்டிய முகமூடியைக் கழற்றி எறிந்திருக்கும். காலையில் அது கட்டிலுக்கு அடியில் தனியாக ஊதிக்கொண்டு கிடக்கும். பகலில் சீரியல் பார்க்கும்போது மாட்டிப் பழகுங்கள் என்றார் மருத்துவர். பழகினேன். கூரியர் கொண்டுவந்த பையன் கையெழுத்து வாங்காமலே போய்விட்டான்.

காற்றை ஈரமாக்கும் சிறு தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கும்பகோணத்தில் அதைக் கேட்டால் கடைக்காரர் "எத்தனை ஆம்பியர் பேட்டரி?" என்கிறார். மின்வெட்டு நாளில் இன்வெர்ட்டர் ஃபேனுக்கா, என் மூச்சுக்கா என்று வீட்டில் வாக்கெடுப்பு நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் நான் பில் அனுப்பவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு பொருள் மட்டும் க்ளெய்ம் செய்தே ஆக வேண்டியது: என் மீசை.

முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டி உட்கார வேண்டும். என் மீசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. மயிரிடுக்கில் கசியும் காற்று நேரே கண்ணுக்கு ஏறி, காலையில் கண் வறண்டு சிவந்திருக்கும். பட்டையை இறுக்கினேன், கசிவு கூடியது. விற்ற இடத்துத் தம்பியைப் போனில் பிடித்தேன்.

"இறுக்காதீங்க சார், லூஸ் பண்ணுங்க. இறுக்கினா குஷன் உப்பாது."

"லூஸ் பண்ணியும் வருதே தம்பி."

கொஞ்சம் தயங்கினார். "சார், தப்பா நினைக்காதீங்க... மீசை இருக்கா?"

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று எத்தனை பேரை நான் கிண்டலடித்திருப்பேன்! எடுத்துவிட்டேன். கசிவு நின்றது. தெருவில் மூன்று பேர் துக்கம் விசாரித்தார்கள், ஒருவர் லட்டு கேட்டார். தங்களின் தனிநபர் விபத்துப் பாலிசியில் விரல் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. தமிழ் ஆண்மகனின் மீசை எந்த வரிசையில் வருகிறது என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் பாலிசிப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே வாடிக்கையாளர் நானாகத்தான் இருப்பேன். முகமூடியோடு தூக்கம் வராத ஆரம்ப நாட்களில் வேறு என்ன செய்வது? விலக்குகள் பகுதியில் உடல் பருமன் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த வாசகம் அது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனால் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ 40 இருந்தால் உண்டு. 35 இருந்து, கூடவே குறிப்பிட்ட சில கடும் நோய்களில் ஒன்று இருந்தாலும் உண்டு. அந்தச் சில நோய்களில் ஒன்று, கடுமையான ஸ்லீப் ஆப்னியா!

அதாவது என் நோய் தங்களுக்குத் தெரியாததல்ல, மரியாதைக்குரிய நோய்தான். வயிற்றை வெட்டித் தைக்கச் சில லட்சங்கள் தரத் தயாராக இருக்கிறீர்கள். மூக்கில் காற்றடிக்க ஐம்பதாயிரத்தை ஒட்டிய தொகை கேட்டால்தான் கை வரமாட்டேன் என்கிறது. குறை என்னுடையதே. என் பிஎம்ஐ வெறும் 29. 170 செ.மீ. உயரத்துக்கு இன்னும் பதினேழு கிலோ போட்டால் 35 ஆகிவிடும். ராத்திரி நாலு பரோட்டா, சால்னா, ஞாயிறு பிரியாணி என்று திட்டம் தீட்டியிருக்கிறேன். முதலில் எடையைக் குறைக்க முயன்று தோற்றிருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டல்லவா? அந்தத் தோல்வியில் எனக்கு நெடுநாள் அனுபவம், மனைவி சாட்சிக் கையெழுத்தே போடுவாள். எடையைக் கூட்டும் காலத்துக்கு மளிகைச் செலவில் பாதியைத் தாங்கள் ஏற்பீர்களா? இடையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்துவிட்டால் இன்னும் வசதி. கேஷ்லெஸ் என்று தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் மத்திய அரசில் இருந்து ஓய்வுபெற்ற என் சம்பந்திக்கும் இதே நோய். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டு, இயந்திரத்துக்குப் பணம் வந்துவிட்டது. அவர் மீசையும் பிழைத்தது, மூக்குத் துளைக்குள் மட்டும் பொருந்தும் வகையை வாங்கிவிட்டார். இந்த அநியாயத்தை நான் கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அரசுக் காப்பீடான மெடிகேர் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, ஒழுங்காகப் போட்டுக்கொண்டாயா என்று கணக்குக் கேட்கிறது: முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான 30 நாளில், 70 சதவீத இரவுகளாவது 4 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். அங்கே அதை அத்துமீறல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டுப் பாருங்கள், பெருமையாகக் காட்டுவேன். நான் எத்தனை மணிக்கு மாட்டினேன், எப்போது கசிந்தது, எத்தனை முறை மூச்சு நின்றது என்று எல்லாம் இயந்திரத்தில் பதிவாகிறது. 42 இப்போது 3. நடந்தால் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி என்று மாதாமாதம் செய்தி அனுப்புகிறீர்களே. நடக்கிறவனுக்கு உண்டு, மூச்சு விடுகிறவனுக்கு இல்லையா?

தங்களின் பட்டியலை மறுபடி பார்த்தேன். பணம் தரமாட்டோம் என்ற வரிசையில் அழகு நிலையச் சேவை, குழந்தை உணவு, தொலைக்காட்சிக் கட்டணம், ஆவி பிடிக்கும் கருவி, பிணவறைக் கட்டணம் எல்லாம் நிற்கின்றன. ஆவி பிடிப்பதற்கும் பிணவறைக்கும் நடுவில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது என்று தங்கள் அலுவலகத்துப் பெண் நாள் தவறாமல் அழைக்கிறார். பிரீமியம் கட்டிவிடுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவைக்கவும்: இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தால் என்னால் பதில் சொல்ல முடியாது. 'உஸ்' என்று சத்தம் வரும். அதை நான் கோபத்தில் விடும் மூச்சு என்று பதிவு செய்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பாலிசிதாரர்,
கும்பகோணம்.

இணைப்பு: மழித்த மீசை, காகிதப் பொட்டலத்தில் (அசல், நகல் கேட்க வேண்டாம்).